தீர்ப்பை யார் தலையில் கட்டுவது?

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இன்னொருவரைப் பற்றி ஆபாசமாக எழுதிவிடுகிறார். பாதிக்கப்பட்டவர் அட்மினுக்குத் தனியே செய்தி அனுப்புகிறார். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: “ரொம்ப வருத்தமா இருக்குங்க. அவரை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே செஞ்சிடறேன்.” இதைவிட மரியாதையாகப் பேச முடியாது என்றுதான் தோன்றும். அடிபட்டவருக்குத்தானே வலி தெரியும்? அவர் சொல்வதுதானே நியாயம்? ஆனால் எனக்கு அந்தப் பதிலில் ஒரு நழுவல் தெரிகிறது. அது என்ன நழுவல் என்பதைப் பார்க்க முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சம்பவத்துக்குப் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே 1990இல் பவெல் கர்டிஸ் என்பவர் ‘லாம்டாமூ’ என்ற கற்பனை உலகம் ஒன்றைக் கணினியில் உருவாக்கினார். படமும் ஒலியும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். கர்டிஸின் சொந்த வீட்டைப் பார்த்து அமைத்த பெரிய மாளிகை. அதன் கூடத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஏதோ ஒரு வேடப்பெயரில் கூடிப் பேசுவார்கள். 1993 மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் உலவிய ஒருவர் அந்தக் கூடத்தில் ஒரு சிறிய நிரலை ஓடவிட்டார். அடுத்தவருடைய பாத்திரம் தானே ஏதோ செய்வதுபோல வரிகளை எழுதிக் காட்டும் நிரல் அது. லெக்பா, ஸ்டார்சிங்கர் என்ற பாத்திரங்கள் அருவருப்பான பாலியல் செயல்களில் தாமாகவே ஈடுபடுவதுபோலக் கூடத்தில் இருந்த எல்லோருடைய திரையிலும் வரிகள் ஓடின. அந்தப் பாத்திரங்களின் சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, தாங்கள் எழுதாத வரிகளைத் தங்கள் பெயரில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் லெக்பா பொதுப் பலகையில் எழுதினார். முதலில் எழுதியதில் கோபம் கொப்பளித்தது, ஆனால் என்ன கேட்கிறேன் என்று தனக்கே தெரியவில்லை என்றார். விசாரணை, சட்டதிட்டம் என்று எதையும் கோரவில்லை என்றே சொன்னார். அடுத்து எழுதியதில் பங்கிளை இந்த உலகத்திலிருந்தே அழித்துவிட வேண்டும் என்றார். முதல் பதிவை எழுதும்போது கண்ணீர் வழிந்ததாக ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளரிடம் பிறகு சொன்னார். டிபெல் 1993 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதியதால்தான் நமக்கு இதெல்லாம் தெரியவந்தது.

லெக்பாவின் கோரிக்கையை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. நிர்வாகிகளை அங்கே ‘மந்திரவாதிகள்’ என்று அழைப்பார்கள். யாரையும் அழிக்கும் கட்டளை அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான், இனி எந்திரம் பழுதானால் பார்த்துக்கொள்வோம், மனிதர்களுக்குள் வரும் தகராறுகளில் தலையிட மாட்டோம் என்று அறிவித்திருந்தார்கள். பார்த்தால் இது ஜனநாயகம். பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டு மக்களிடமே விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதன் பலனை யார் அனுபவித்தார் என்பதுதான் கேள்வி.

லெக்பா அனுபவித்தார். நடந்ததை ஊரறிய அவரே சொல்ல வேண்டியிருந்தது. தண்டனையின் பெயரையும் அவரே எடுக்க வேண்டியிருந்தது. பிறகு வெறும் எழுத்து ஒருவரைக் காயப்படுத்துமா, அவருக்கு நேர்ந்ததைக் குற்றம் என்று சொல்லலாமா என்று நாள்கணக்கில் நடந்த வாதத்தையும் அவர் படிக்க வேண்டியிருந்தது. ஒருவருடைய வரிகள் நம் திரையில் வராமல் தடுக்கத்தான் ஒரு கட்டளை இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். “பிளாக் பண்ணிட்டுப் போங்களேன்” என்று இன்று சொல்கிறவர்களின் மூதாதையர்கள் அவர்கள்! திரையை அவர் மூடிக்கொண்டாலும் கூடத்தில் மற்றவர்கள் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பது அன்றும் உறைக்கவில்லை, இன்றும் உறைப்பதில்லை.

மூன்றாம் நாள் ஒரு கூட்டம் நடந்தது. முப்பது பேர் போல வந்திருந்தார்கள். பங்கிளும் வந்தார். தான் செய்தது ஒரு பரிசோதனை, அதனால் தன் நிஜ வாழ்க்கையில் எந்த விளைவும் இல்லை என்கிற மாதிரி பேசினார். மணிக்கணக்கில் பேசியும் முடிவு எட்டப்படவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, அங்கே இருந்த மந்திரவாதிகளில் ஒருவர் தனியாக யோசித்து, தனியாகவே கட்டளையைத் தட்டி, பங்கிளை அழித்துவிட்டார். கொஞ்ச காலத்தில் வேறு பெயரில் அதே ஆள் திரும்பி வந்தது தனிக்கதை.

அதன்பின் கர்டிஸ் மனு, வாக்கெடுப்பு என்று முறைகளை ஏற்படுத்தினார். மூன்றே ஆண்டுகள். 1996 மே மாதத்தில், அந்த ஏற்பாடு சரிவரவில்லை, எந்திர வேலையையும் மனிதர் விவகாரத்தையும் பிரித்துவைக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு மந்திரவாதிகள் மறுபடி பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். முன்பு அவர்கள் பொறுப்பைக் கீழே வைத்தார்கள். அதைச் சுமக்க நேர்ந்தவரோ ஏற்கெனவே அடிபட்டிருந்தவர். லாம்டாமூவின் கதையை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தவறு செய்தவன் தலைகுனிந்து நிற்பான். பெரியவர்கள் நாலு வார்த்தை திட்டுவார்கள். பிறகு எல்லோர் முகமும் ஒன்றாக அந்தப் பெண் பக்கம் திரும்பும். “நீ என்னம்மா சொல்ற? கால்ல விழுந்துட்டான். பெரிய மனசு பண்ணி விட்டுடு.” அதுவரை அவன் தலையில் இருந்த பாரம் அந்த நொடியில் அவள் தலைக்கு மாறிவிடும். விட்டால் விஷயம் முடிந்தது. விடாவிட்டால் அவள் பிடிவாதக்காரி, ஒரு குடும்பத்தைக் கெடுத்தவள். எந்தப் பக்கம் போனாலும் பெரியவர்கள் கை சுத்தம். பெரிய மனசு என்பது ஊரில் வேறு யாரிடமும் இல்லாமல் அடிபட்டவரிடம் மட்டும் எப்படித்தான் குவிந்து கிடக்கிறதோ!

பஞ்சாயத்து மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசப் பேச்சில் கலந்துகொள்வதற்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண்ணோ அவன் முகத்தில் விழிக்கவே விருப்பமில்லை என்றார். ஜூலை தொடக்கத்தில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று கூறியது. சில நாட்களில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. சமரசத்துக்கு அழைத்தவர்கள் அவருக்கு இடம் கொடுப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர் அந்த இடத்தைக் கேட்கவே இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது லேசானதும் அல்ல. நார்வேயைச் சேர்ந்த குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு பேருக்கு நடுவில் நடந்த தகராறை அரசும் வக்கீல்களும் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், பாதிக்கப்பட்டவர் தன் வழக்கிலேயே வெறும் சாட்சியாகி ஓரத்தில் நிற்கிறார் என்பது அவர் வாதம். நீதிமன்ற வராந்தாவில் காத்துக்கிடந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். நம் நாட்டிலும் சட்டம் மெல்ல மெல்ல இதைத் திருத்திக்கொண்டு வருகிறது. 2009 இறுதியில் அமலுக்கு வந்த திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்றது. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்தது முதல் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி, அவர்களைச் சரியாகக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது.

ஆனால் இந்த உரிமைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேசலாம், கேட்கப்படலாம், தீர்ப்பு தவறென்றால் மேலே போகலாம். தீர்ப்பை எழுதும் வேலையை மட்டும் எந்தச் சட்டமும் அவரிடம் கொடுக்கவில்லை. அவரை நம்பாததால் அல்ல, தீர்ப்பெழுதுவது ஒரு பாரம் என்பதால்தான் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடிபட்ட மனம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. லெக்பா ஓரிரு நாட்களுக்குள்ளேயே, என்ன கேட்பதென்று தெரியாத இடத்திலிருந்து அழித்துவிடுங்கள் என்ற இடத்துக்குப் போனார். அதில் தவறே இல்லை. இரண்டும் உண்மை, இரண்டும் அவருடையவை. ஆனால் முதல் நாள் அவரிடம் முடிவைக் கேட்டுச் செய்திருந்தால் ஒரு தீர்ப்பு, அடுத்த நாள் கேட்டிருந்தால் வேறொரு தீர்ப்பு. எதைச் சொல்லியிருந்தாலும் பிறகு அவர் அதைத் தூக்கிக்கொண்டு வாழ வேண்டும். வெளியேற்றப்பட்டவரின் நண்பர்கள் நிர்வாகியிடம் வரமாட்டார்கள். “உன்னாலதானே அவன் போனான்” என்று அவரிடம்தான் வருவார்கள்.

பாதிக்கப்பட்டவரைத் திருப்திப்படுத்துவதற்காக அவசரப்படும் நீதி எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம்மிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் சிலம்பு தொலைந்தது பாண்டிமாதேவிக்கு. அன்று அவள் ஊடலில் இருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த அரசனிடம் பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். விசாரணை இல்லை, சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. பொருள் அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்று உத்தரவாகிறது. தேவி யாரையும் கொல்லச் சொல்லவில்லை. அவள் மனம் குளிர வேண்டும் என்ற அரசனின் அவசரம்தான் கோவலனைக் கொன்றது. ஆனால் அதே அரசனிடம் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளே இருந்த மாணிக்கத்தைக் காட்டியபோது, அவன் பழியைப் பொற்கொல்லன் மேல் போடவில்லை. உனக்காகத்தான் செய்தேன் என்று தேவியைப் பார்த்துச் சொல்லவும் இல்லை. தீர்ப்பு தன்னுடையது, பிழையும் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டான். கேட்காமல் தீர்ப்புச் சொன்ன குற்றத்திலிருந்து அது அவனை விடுவிக்காது. என்றாலும் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அவைதான்.

சரி, பாதிக்கப்பட்டவரை முழுக்க மறைத்துவிட்டு முடிவெடுத்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2019 ஜூன் மாதம் விக்கிமீடியா அறக்கட்டளை, ஆங்கில விக்கிப்பீடியாவின் நீண்டகால நிர்வாகி ஒருவரை அங்கே ஓராண்டு எழுதக் கூடாது என்று தடை செய்தது. யார் புகார் கொடுத்தது, என்ன ஆதாரம், எதற்காக என்று எதையும் வெளியே சொல்லவில்லை. புகார் கொடுத்தவர்களைக் காப்பாற்றத்தான் இந்த மௌனம் என்றார்கள். விக்கிப்பீடியா கொதித்தது. நிர்வாகிகள் பலர் பொறுப்பைத் துறந்தார்கள். கடைசியில் ஆதாரங்கள் பயனர்களே தேர்ந்தெடுத்த நடுவர் குழுவிடம் போயின. செப்டம்பரில் அந்தக் குழு தடையை நீக்கியது, ஆனால் நிர்வாகிப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை.

அந்த மாதங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அறக்கட்டளை காரணத்தைச் சொல்லாதபோது கூட்டம் காரணத்தைத் தேடிக் கிளம்பியது. தேடிய கூட்டம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போகவில்லை. புகார் கொடுத்தது யாராக இருக்கும் என்று ஊகித்தது, ஊகத்தில் சிக்கியவர் வசைக்கு ஆளானார். பெயரை மறைத்தது சரி. காரணத்தையும் சேர்த்து மறைத்ததுதான் வினையாயிற்று. முடிவெடுத்தவர் முன்னே வந்து இதனால்தான் செய்தேன் என்று நிற்காவிட்டால், மறைத்து வைக்கப்பட்டவரைத்தான் ஊர் தேடிப் பிடிக்கும்.

இந்தச் சிக்கலை ஓரளவு நன்றாக யோசித்து எழுதிய சட்டம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பணியில் இருந்த பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி விசாகா வழக்கு வந்தது. அந்த வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. சட்டம் ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறதா என்றால் பல அலுவலகங்களில் விசாரணைக் குழுவின் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். விசாரணை முடிவதற்குள் இடமாற்றம் வேண்டும், விடுப்பு வேண்டும் என்று பாதிக்கப்பட்ட பெண் எழுத்து மூலம் கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுப்புக்குக் குழு பரிந்துரைக்கலாம். சமரசம் என்ற பேச்சை அவர் கேட்டால் மட்டுமே எடுக்கலாம், வேறு யாரும் எடுக்கக் கூடாது. அப்போதும் பணம் கொடுத்துத் தீர்க்கக் கூடாது. குற்றம் நடந்ததா என்பதைக் குழு விசாரித்துச் சொல்ல வேண்டும், குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அறிக்கை இரண்டு தரப்புக்கும் போக வேண்டும். நடவடிக்கை எடுப்பது முதலாளி. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது. தண்டனை என்ன என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பாதுகாப்பு வேறு, தண்டனை வேறு, மன்னிப்பு வேறு. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பாதுகாப்பில் பாதிக்கப்பட்டவர் சொல்வதே போதும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும் இந்த இடத்தில் அதே வழியில்தான் போயின. ஒருவரின் அந்தரங்கப் படம் இணையத்தில் வந்துவிட்டதென்று அவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அதை எடுக்க நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. படத்தை எடுப்பதற்குப் பெரிய விசாரணை தேவையில்லை. தவறாக எடுத்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு மனிதரை வெளியேற்றுவது அப்படியல்ல. அங்கே பாதிக்கப்பட்டவர் குரல் முதலில் கேட்கப்பட வேண்டிய குரல், ஆனால் கடைசிக் குரலாக இருக்க முடியாது. மன்னிப்போ முழுக்க அவருடையது. அதை அவரிடம் கேட்கும் உரிமை குழுவில் யாருக்கும் கிடையாது, அட்மினுக்கும் சேர்த்துத்தான்.

அட்மின்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: “நான் என்ன சம்பளம் வாங்குற நீதிபதியா?” நியாயமான கேள்விதான். சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் போட்ட பதிவுக்காக, கூட்டுச்சதி எதுவும் இல்லாத நிலையில் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் அந்த வழியையே பின்பற்றியது. ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது தவிர அட்மினுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை என்பது நாக்பூர் தீர்ப்பு சொன்ன முக்கியக் காரணம். ஆனால் 2022இல் வாட்ஸ்அப், எந்த உறுப்பினர் போட்ட செய்தியையும் எல்லோருடைய திரையிலிருந்தும் நீக்கும் வசதியை அட்மின்களுக்குக் கொடுத்துவிட்டது. ‘என் கையில் ஒன்றும் இல்லை’ என்று சொல்வதற்கு இருந்த நல்ல சாக்கு அதோடு போனது. போலீஸ் பிடிக்காது என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. கட்டளை யார் கையில் இருக்கிறதோ பொறுப்பும் அங்கேதான். லாம்டாமூவின் மந்திரவாதிகள் மூன்று ஆண்டுகள் ஓடிப் பார்த்துத் திரும்பி வந்ததும் அங்கேதான்.

அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஒருவர் வந்தால் முதலில் அந்தப் பதிவை எடுங்கள். இப்போதைக்கு அவர் நிம்மதியாகக் குழுவில் இருக்க என்ன வேண்டும் என்று கேட்டு அதைச் செய்யுங்கள். எதிர்த்தரப்பையும் கேளுங்கள், முடியுமானால் உங்களோடு இன்னும் ஓரிருவரை, உங்களுக்கு ஒத்துப்போகாத ஒருவரையாவது, சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவை முதலில் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லுங்கள். தவறென்று அவர் நினைத்தால் மறுபடி கேட்பதாகவும் சொல்லுங்கள். பிறகு குழுவில் எழுதும்போது ‘புகார் வந்ததால் நீக்கப்பட்டார்’ என்று எழுதாதீர்கள். இன்ன காரணத்துக்காக நான் நீக்கினேன் என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். திட்டுகிறவர்கள் உங்களிடம் வரட்டும்.